அது ஓடக் கூடாத நாள்

அந்தக் கணினி எழுந்திருக்க மறுக்கும் காலைகளில் ஒரு சத்தம் போடும். கூ என்று நீட்டி ஒரு கூவல், சற்று நிறுத்தம், மறுபடி ஒரு கூவல். வேன் பின்னோக்கி வரும்போது கேட்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி. அலுவலகத்தில் எல்லாரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அந்த மூலையைப் பார்ப்போம். ஆபரேட்டரம்மா மட்டும் பதற மாட்டார். கைப்பையிலிருந்து ஓர் அழிரப்பரை எடுத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுவார். உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு பட்டை இருக்கும். மெமரி என்பார். அதைப் பிடுங்கி, ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பச் செருகிவிட்டு பட்டனை அமுக்குவார். கணினி ஓடும். "தூங்குமூஞ்சி சார் இது. மூஞ்சி கழுவி விட்டாத்தான் எழுந்துக்கும்" என்பார்.

போன வாரம் என் வீட்டுக் கணினியும் நின்றுவிட்டது. இது கூவவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது, அவ்வளவுதான். அதை ஒரு பழைய துண்டில் சுற்றி, செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார். "போர்டுல ஒரு ஐட்டம் போயிருக்குங்க. மாத்தினா ஓடும். பார்ட்ஸ் சென்னையிலருந்து வரணும், கொஞ்ச நாள் ஆகும். புதுசுன்னா இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடலாம். உங்க இஷ்டம்" என்றார். சொன்னவர் சும்மா இருக்கவில்லை. புதிதாக வந்திருந்த ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கியது. கீழே பெட்டி கிடையாது. பட்டனிலிருந்து அவர் விரலை எடுப்பதற்குள் அது விழித்துக்கொண்டது. தமிழில் ஏதாவது அடித்துப் பாருங்கள் என்றார். அடித்தேன். அச்சுப் புத்தகத்தில் பார்ப்பதைவிடக் கறுப்பாக, கூர்மையாக எழுத்துகள் வந்து நின்றன. எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டதை என்னால் அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது பேசினேன், கை கழுவும்போது பேசினேன். "என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனப்பகூட உங்க மூஞ்சி இப்படி இருந்திருக்காது" என்றாள் என் மனைவி. "வாங்கித் தொலைங்களேன். யாரு வேணாம்னாங்க?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படபடப்பு எனக்குப் புதிதில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே போல ஒரு கணினிக்காக இதே போல நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போதும் பழையதைப் பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா என்பதுதான் கேள்வி. புதியது வந்தது. அதனால் ஆபரேட்டரம்மாவுக்கு வேலை போனது. போகும் என்று எனக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரியாது.

வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. சிறிய அலுவலகம், பிறகு அதை வேறொன்றோடு இணைத்துவிட்டார்கள், இப்போது அந்தப் பெயரே இல்லை. நான் அங்கே கண்காணிப்பாளர். தமிழில் எம்.ஏ. முதல் வகுப்பு. ஒரு கடிதத்தை நான்கு முறை திருத்தாமல் அனுப்ப மனசு வராது. அதனால் தட்டச்சர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கணினி வந்தபோது, அதை இயக்கத் தெரிந்த ஆள் ஒருவரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அந்தக் கணினியை இயக்குவதற்காக மட்டும், அந்தக் கணினி இருக்கும் வரை. அப்படி வந்தவர்தான் ஆபரேட்டரம்மா. அப்போது அவருக்கு முப்பதுகூட இருக்காது. அம்மா என்பது அலுவலகத்தார் சேர்த்துக்கொண்டது. அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவார். கணவர் கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் அவருக்கு வியாபாரம், மற்ற நாட்களில் வெட்டிய காய் வாடிக் கிடக்கும். மாதம் முழுக்க அடுப்பு எரிந்தது ஆபரேட்டரம்மாவின் சம்பளத்தில். ஒரே பெண்ணை நல்ல பள்ளியில் சேர்த்திருந்ததும் அதில்தான்.

அவரைப் போல வேலையை விளையாட்டாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை. என் திருத்தங்கள் அவரைச் சலிப்படையச் செய்யவில்லை. "சார், இந்த வரி மூணாவது தரம் ஊர் சுத்திட்டுப் பழைய எடத்துக்கே வந்துடுச்சு" என்று சிரித்துக்கொண்டே மாற்றித் தருவார். அந்தக் கணினியோடு எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பார். அது இடையில் உறைந்துவிட்டால் திட்டுவார், ஓடினால் கொஞ்சுவார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெட்டியின் தலைமேல் பொரியும் கடலையும் குவித்து, கற்பூரம் காட்டுவார். அன்று முழுக்க அதை யாரும் தொடக் கூடாது. நான் தொடப் போனால், "லீவு சார் அதுக்கு" என்று தடுப்பார்.

ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கம் அச்சாவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். திரை முன்புறம் துருத்திக்கொண்டு, அலமாரி போல இடத்தை அடைத்தபடி, கண் கூச மினுக்கும். இந்தச் சமயத்தில்தான் என்னைச் சென்னையில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் தட்டைத் திரையை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு மேசையில், ஸ்லேட்டு மாதிரி, தானாக நிற்பது போல நின்றது. மினுக்கவில்லை. அங்கிருந்த ஆள் ஒரு கடிதத்தை வரவழைத்து, நடுவில் ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைத்தார். மற்ற வரிகள் ஒதுங்கி இடம் கொடுத்தன, கண் மூடித் திறப்பதற்குள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டேன். அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதே கூட்டத்தில் மேலதிகாரி சொன்னது இது. பழைய கணினிகளைப் பொறியாளர் வந்து பார்ப்பார். பழுது நீக்கினால் ஓடும் என்றால் பழுது நீக்கிக்கொள்ளலாம், இருக்கும் ஆபரேட்டரே தொடரலாம். ஓடாது என்று அவர் எழுதிக் கொடுத்தால் புதியது வரும். "மெஷினோட ஆளையும் ஏஜென்சி மூலமா நாங்களே அனுப்பிடுவோம். டெம்பரரியா இருக்கறவங்கள அன்னியோட நிறுத்திடுங்க" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டது. கேட்டுக்கொண்டே நான் அடுத்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திரை அங்கே இருந்தது.

திருவண்ணாமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். நல்ல ஊழியர் என்று சிபாரிசு எழுதலாம். ஏஜென்சியிலேயே அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். திண்டிவனம் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ஊருக்கு வந்து ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததும் தட்டைத் திரையைப் பற்றித்தான் பேசினேன்.

அலுவலகமே பற்றிக்கொண்டது. "காலண்டர் மாதிரி செவுத்துல மாட்டிடலாமா சார்?" என்று கேட்டார் எங்கள் பியூன். எல்லாரையும்விடக் குதித்தவர் ஆபரேட்டரம்மா. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. "சார், மவுஸுல உருண்டை இருக்காதாமே? செவப்பா லைட்டு எரியுமாமே?" "சார், சத்தமே வராதாமே? அப்போ ஓடுதா இல்லியான்னு எப்படித் தெரியும்?" நான் வரைந்து காட்டுவேன், கையால் அளந்து காட்டுவேன். எனக்குத் தெரியாததையும் சொல்வேன். அவர் கண்ணை விரித்துக்கொண்டு கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறும். அந்த நாட்களில் நான் வீட்டில் இருந்ததைவிட அலுவலகத்தில் இருந்ததுதான் அதிகம். இந்தப் பெண் அதன் முன்னால் உட்காரப் போவதில்லை என்பது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

பயனற்றது என்று எழுதி ஒதுக்குவதை அலுவலகத்தில் கண்டம் பண்ணுவது என்போம். எங்கள் கணினியைக் கண்டம் பண்ண வேலூரிலிருந்து பொறியாளர் வந்தார். வந்த அன்று, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல அது பட்டென்று எழுந்து நின்றது. ஒரு கூவல் இல்லை, ஓர் உறைவு இல்லை. 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார். ஆபரேட்டரம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எங்க பொண்ணும் இப்படித்தான் சார். வூட்ல ஆடற ஆட்டம் ஜாஸ்தி, வெளியாளு வந்தா வாயத் தொறக்காது" என்றார். நான் மறுபடி எழுதிப் போட்டுப் பொறியாளரை வரவழைத்தேன். இந்த முறை அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொரி கிடந்தது. கூடவே காய்ந்த சாமந்தி இதழ், ஒரு சிட்டிகை குங்குமம். "மெஷினுக்குப் பசிக்குமேன்னு போட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் தூரிகையால் துடைத்து மூடி, பட்டனை அமுக்கினார். முன்பைவிட நன்றாக ஓடியது! "இந்த மாதிரி மெஷினை வெச்சிக்கிட்டு ஏன் சார் எங்கள அலைய வெக்கறீங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் ஆபரேட்டரம்மா என் மேசைக்கு வந்து நின்றார். ரமணாசிரமம் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு விடுதியில், வெளிநாட்டார் வந்து தங்கும் இடம், கணினி தெரிந்த ஆள் கேட்கிறார்களாம். தெரிந்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "சம்பளம் இங்க வர்றதவிடக் கொஞ்சம் கம்மிதான் சார். ஆனா பெர்மனென்ட்டுன்றாங்க. போலாமா, இல்ல புது மெஷின் வருதே, இங்கயே இருந்துடலாமா? நீங்க சொல்லுங்க" என்றார்.

போம்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் போய்விட்டால் புதியது வரும்வரை பழையதை ஓட்ட ஆள் கிடையாது. அதில் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கவும் அவரை விட்டால் யாரும் இல்லை. அதைவிட முக்கியம், பொறியாளர் மூன்றாம் முறை வரும்போது அவர் எனக்கு வேண்டும். இவ்வளவும் அவர் கேட்டு முடிப்பதற்குள் என் மனசில் ஓடிவிட்டது. "புது மெஷின் வரும்போது நீ இல்லேன்னா எப்படிம்மா?" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நானும் அதத்தான் சார் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மூன்றாம் முறை பொறியாளர் வந்த நாள் பௌர்ணமி. அன்று காலையிலேயே ஆபரேட்டரம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு அது ஓடக் கூடாதும்மா" என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதை எங்கிட்ட விடுங்க சார். இன்னிக்கு அது ஓடிச்சுன்னா நான் வேலைய விட்டுடறேன்" என்றார். தரையில் உட்கார்ந்து தகட்டைக் கழற்றி, மெமரியைப் பிடுங்கி, தேய்க்காமல், பாதி மட்டும் செருகி மூடினார். பட்டனை அமுக்கிப் பார்த்தார். கூவியது. பியூன் கைதட்டினார். நானும் தட்டினேன் என்றுதான் நினைவு.

பொறியாளர் உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார். சாலையில் இப்போதே கூட்டம் என்று அலுத்துக்கொண்டார். பட்டனை அமுக்கினார். கூ என்றது. அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். கூ. பெட்டியைத் திறக்கக் குனிந்தார். திறந்தால் பாதி செருகிய பட்டை முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆபரேட்டரம்மா ஒரு டம்ளர் மோருடன் அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல இதைக் குடிங்க சார். வேலூருக்குத் திரும்பணும்னா சீக்கிரம் கெளம்புங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா பஸ்ஸை உள்ள வுட மாட்டாங்க, ஊருக்கு வெளியிலியே நிறுத்திடுவாங்க. அங்க வரைக்கும் நீங்க நடக்கணும்." அவர் மோரைக் குடித்தார். ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, போர்டு போய்விட்டது, பழுது நீக்கிப் பயனில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் படியிறங்கியதும் அலுவலகத்தில் தீபாவளி. பியூனை அனுப்பி எல்லாருக்கும் போண்டா வாங்கி வரச் சொன்னேன். ஆபரேட்டரம்மா போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரு குனிஞ்சப்போ உங்க மூஞ்சியப் பாக்கணுமே சார்!" என்று என்னைப் போலச் செய்து காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் தரையில் உட்கார்ந்து மெமரியை எடுத்துத் தேய்த்து, சரியாகச் செருகினார். மாதாந்தர அறிக்கை அன்றே போக வேண்டியிருந்தது. கணினி ஓடியது. "பாவம் சார். ஓடறேன் ஓடறேன்னுது" என்றார். சாயங்காலம் வரை அதில் வேலை செய்துவிட்டு, கிரிவலக் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

புதியது வந்து சேரக் கொஞ்ச நாள் ஆனது. அந்த நாட்களில் ஆபரேட்டரம்மா அதற்கு ஓர் உறை தைத்தார். தட்டைத் திரையின் அளவு யாருக்கும் தெரியாததால், தேரடி வீதியில் ஒரு கடையில் போய் அளந்து வந்தாராம். இளநீலத் துணி, ஓரத்தில் சுருக்கம் வைத்து. பெட்டிகள் வந்து இறங்கிய காலையில் தலை நிறைய மல்லிகையோடு வந்தார். ராகுகாலம் முடியட்டும் என்று எல்லாரையும் காக்க வைத்தார். பெட்டிகளோடு ஓர் இளைஞர் வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆபரேட்டரம்மா கேட்டார்: "எல்லாம் மாட்டிக் குடுத்துட்டு எனக்கு ஒரு தரம் சொல்லிக் குடுத்துட்டுப் போவீங்களா தம்பி? மத்தியானப் பஸ்ஸுக்கா கெளம்பறீங்க?"

"நான் போகலீங்க. இங்க ஆபரேட்டரா போட்டிருக்காங்க" என்றார் அவர்.

ஆபரேட்டரம்மா என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ சரிசெய்துவிடுவேன் என்பது போலப் பார்த்தார். "சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இப்பதாம்மா எனக்கே தெரியும்" என்றேன்.

இதுவரை நான் செய்ததெல்லாம் சொல்லாமல் இருந்ததுதான். பொய் என்று சொன்னது அந்த ஒன்றுதான். அதை அவர் அப்படியே நம்பினார். நம்பியது மட்டுமில்லை, எனக்கே ஆறுதல் சொன்னார். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க. மேல இருக்கறவங்க பண்றாங்க" என்றார். பிறகு அந்த இளைஞரிடம், "ஒரே ஒரு தரம் நான் ஆன் பண்ணிக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். அமுக்கினார். சத்தமில்லாமல் திரை நீலமாக விடிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண் போல, "அய்யோ" என்று சிரித்தார். எங்கள் எல்லாரையும்விட அந்த நிமிடம் அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். நீல உறையை மேசையில் வைத்துவிட்டு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அந்த இளைஞருக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

விடுதி வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. அந்த விடுதியிலேயே பின்னால் அவருக்கு அறைகள் துடைக்கும் வேலை கிடைத்ததாகப் பியூன் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெண்ணைப் பள்ளி மாற்றியதும் அப்படித்தான் தெரிந்தது. இன்னோர் ஊர் அலுவலகத்தில், அங்கிருந்த கண்காணிப்பாளர் பழைய கணினியையே ஒட்டுப் போட்டு ஓட்டினார்; அங்கிருந்த தற்காலிக ஆபரேட்டரைப் பிறகு நிரந்தரமாக்கினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் தட்டைத் திரையின் முன்னால் உட்கார்ந்து ஒரு கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் பௌர்ணமிதோறும் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலையில் ஆபரேட்டரம்மா தன் வீட்டு வாசலில் டீக்கடை போட்டிருப்பதைத் தூரத்திலிருந்தே கவனித்து, அந்த இடம் வரும்போது பாதையின் மறுபக்கம் போய்க் கூட்டத்துக்குள் குனிந்துகொள்வேன். மலையைச் சுற்றினேன், அவரையும் சுற்றிக்கொண்டுதான் போனேன். மூட்டு வலி வந்ததும் கிரிவலம் நின்றது. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வாரம் அந்தப் படபடப்பு திரும்ப வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவரிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டால், புதியதை நிம்மதியாக வாங்கலாம். என் கணக்கு அதுதான். மனைவியையும் அழைத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் ஆட்டோவில் போனேன். வழியில் அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்த அம்மா தெச்ச ஒறையா அது? அழகா இருக்குன்னு நீங்க வீட்ல வந்து சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

ஆபரேட்டரம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தலை பாதி நரைத்திருந்தது. "அய்யோ, சூப்பிரண்டு சாரு!" என்று அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்தார். என் மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்தார். பெண் வேலூரில் நர்ஸாக இருக்கிறாளாம். வீட்டுக்காரர் இளநீர்க் காய் எடுக்கப் போயிருக்கிறாராம். "மோர் குடுத்தது ஞாபகம் இருக்கா சார்?" என்று ஆரம்பித்து, பொறியாளர் குனிந்ததையும் என் முகம் போன போக்கையும் மனைவிக்கு நடித்தே காட்டினார். மனைவியும் சிரித்துவிட்டாள். எனக்கு அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. நிறுத்தவில்லை. "ஆபரேட்டரம்மா, புது மெஷினோட ஆளும் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். சென்னை மீட்டிங்லயே சொல்லிட்டாங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

அவர் கழுவி வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினார். கடைசி டம்ளரைக் கவிழ்த்த பிறகு பேசினார்.

"சொல்லியிருந்தா அன்னிக்கு நான் அதை ஓட வெச்சிருப்பேன் சார். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டியிருப்பேன். எனக்குத் தெரியாதா அதை?" அடுப்பை ஏற்றிக்கொண்டே, "கெஸ்ட் ஹவுஸுக்குப் போலாமான்னு உங்களத்தானே கேட்டேன்" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் ஒரு டீ போட்டார். என் மனைவியிடம் கொடுத்தார். எனக்குப் போடவில்லை. மனைவி அதைக் குடிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள்; பிறகு குடித்தாள்.

"இத்தன நாள் கழிச்சு இப்ப எதுக்கும்மா சாருக்கு ஞாபகம் வந்துச்சு?" என்று அவளிடமே கேட்டார் ஆபரேட்டரம்மா.

"வீட்டுக் கம்ப்யூட்டர் போயிடுச்சு. புதுசு வாங்கணும்னு குதிச்சிக்கிட்டு இருக்காரு" என்றாள் மனைவி. அவளுக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

ஆபரேட்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ரிப்பேர் பண்ணா ஓடாதா சார்?"

"ஓடும்னுதான் கடைக்காரர் சொல்றார்."

"அதானே பாத்தேன்" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பழைய சிரிப்புதான், ஆனால் அதில் எனக்கு இடமில்லை. "வாங்கிக்குங்க சார். இந்தப் பழசு முன்னால என்னை மாதிரி யாரும் உக்காந்து இல்லியே."

கிளம்பும்போது மனைவியிடம், "பௌர்ணமிக்கு இந்தப் பக்கம் வந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அன்னிக்கு எனக்கு வேலை ஜாஸ்திம்மா. நீங்க சாதா நாள்ல வாங்க" என்றார். நீங்க என்றது அவளை மட்டும்தான் என்பது எனக்குப் புரிந்தது.

ஆட்டோ செங்கம் சாலைக்கு வந்ததும் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். உள்ளே போய்ப் புதியதை வாங்கிக்கொண்டேன். வருத்தம் இருந்தால் சந்தோஷம் குறைந்துவிடும் என்று இவ்வளவு காலம் நம்பியிருந்தேன். குறையவில்லை. வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்து, வேகத்தடைகளில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

"அவசரப்பட்டா நாடா வராது. குடுங்க, நான் பிரிக்கறேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம். நானே பிரிக்கிறேன்" என்றேன்.